சீட் ஏறுகிறது, தங்க இடம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி இருக்கும் ஊர்களிலிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தண்ணீர், வாடகை, மனை, வரி என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் கேள்விகள் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை ஓரம். பெரிய கல்லூரி வந்த பிறகு நில விலை ஏறியது, கடைகள் வந்தன, எங்கள் தெருவிலேயே மூன்று மாடி, நான்கு மாடி என்று கட்டிவிட்டார்கள். ஆனால் எங்கள் கிணறு வற்றிவிட்டது. இதுதான் வளர்ச்சியா? யாரிடம் போய்க் கேட்பது?
– ஊர்ப் பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: வளர்ச்சி இல்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. ரோட்டோரம் இடம் வைத்திருந்தவர், கடை போட்டவர், மாடி கட்டி வாடகைக்கு விட்டவர் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அதற்கான செலவை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள், கிணற்றை நம்பி இருந்த நீங்கள் கட்டுகிறீர்கள்.

இந்த மாதிரித் தெருக்களை நானும் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே டேங்கர் லாரி வந்து நிற்கும், தடித்த ரப்பர் குழாயை சம்ப்பில் இறக்கிவிட்டு டிரைவர் டீக்கடைக்குப் போய்விடுவார், மாடிக் கம்பி முழுக்க ஜீன்ஸும் துண்டும் காயும், கீழே ஜெராக்ஸ் கடை, பக்கத்து வீட்டு அம்மா மட்டும் குடத்தோடு கைப்பம்பை அடித்துக்கொண்டிருப்பார். இரண்டு கட்டடத்துக்கும் அடியில் இருப்பது ஒரே நிலத்தடி நீர்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. ஆயிரம் மாணவர் வெளியே தங்கினால் 1,35,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் தினமும் பதினோரு லாரிக்கு மேல். இதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பி வரும், அது எங்கே போகிறது என்பது உங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று மூக்கைப் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், பொறியியல் கல்லூரிக்குச் சீட் அனுமதிப்பது டெல்லியில் உள்ள ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்). தண்ணீரும் குப்பையும் சாக்கடையும் உங்கள் ஊராட்சி தலையில். 2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை சீட்தான் என்றிருந்த உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. ஆசிரியரும் ஆய்வகமும் வகுப்பறையும் இருந்தால் போதும், ஏற்றிக்கொள்ளலாம். கூடுதலாக வருகிற பிள்ளை இரவில் எங்கே படுக்கும் என்று அங்கே யாரும் ஊராட்சியைக் கேட்பதில்லை. என் ஆத்திரமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். சீட் எண்ணிக்கை கூடும்போதே தங்கும் இடமும் தண்ணீரும் அதே காகிதத்தில் வர வேண்டும்.

யாரைக் கேட்பது என்றீர்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கல்விக் கட்டடங்களுக்கும் விடுதிகளுக்கும் இதிலிருந்து விலக்கு என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது, அந்த விலக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், அந்த அனுமதிக்கான விண்ணப்பத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே என்று நிறுவனமே எழுதிக் கொடுத்தாக வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தத் தாளை அச்செடுத்துக் கிராம சபையில் வையுங்கள். "கிணறு வற்றிவிட்டது" என்று சொன்னால் வருத்தம் தெரிவிப்பார்கள். "நீங்கள் எழுதிக் கொடுத்த அளவு இது, உறிஞ்சுகிற அளவு இது" என்று சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. கல்வி நகரம் என்று பெயர் எடுத்த ஊர். இனி வேகமாக வளருமா, இல்லை வரி மட்டும்தான் வளருமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: வரி ஏறும், அதில் சந்தேகம் வேண்டாம். 2024-ல் மாநகராட்சியானபோது பக்கத்துப் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். அப்படிச் சேரும் ஊராட்சிகளில் நூறு நாள் வேலை போய்விடும் என்பதுதான் பெண்களின் முதல் பயம், அது நியாயமான பயம். அந்த வேலைத் திட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும் உரியது. அதற்கு ஈடாகக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எப்போது வரும் என்று தேதியோடு கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆனால் காரைக்குடியைப் பற்றிப் பேசும்போது எனக்கு நம்பிக்கைதான் அதிகம் வருகிறது. 1947-ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் அங்கே கலைக் கல்லூரி தொடங்குகிறார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்வது, அது வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுக்கிறார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டுகிறார், 1953-ல் ஆய்வகம் திறக்கப்படுகிறது. இடையில் 1952-ல் பொறியியல் கல்லூரி, பின்னாளில் 1985-ல் பல்கலைக்கழகம். கொடுத்த மனசைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அந்த இட அளவை. அடுத்த தலைமுறைக்கும் இடம் விட்டுக் கொடுத்தார், அதனால்தான் அங்கே புதிதாக ஒரு கட்டடம் கட்ட ஊருக்குள் வந்து யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்தத் தொலைநோக்கு தேவைப்படுவது தண்ணீருக்கு. சம்பை ஊற்றுத் தண்ணீர் உங்கள் ஊரின் பெருமை. வெளியூருக்குப் பெண் கொடுத்தவர்கள் கூட அந்த ருசியைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஊற்று என்பது அந்தக் கிணற்று வட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை, சுற்றிலும் மழை இறங்குகிற நிலம் எல்லாம் சேர்ந்ததுதான் ஊற்று. அந்த நிலத்தில் மனைக் கல் ஊன்றிவிட்டால் மாநகராட்சி என்ற பலகையை வைத்து ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியாது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் ஆட்சேபணை சொல்ல அவகாசம் தருவார்கள். அந்த வரைபடத்தில் நீர்ப்பிடிப்பு நிலம் என்ன வண்ணத்தில் இருக்கிறது என்பதை முதல் நாளே போய்ப் பாருங்கள், குடியிருப்பு என்று காட்டியிருந்தால் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். வாயால் சொன்னது எதுவும் கோப்பில் ஏறாது.

கேள்வி: புதிதாகக் கல்லூரி வரப்போகிறது என்று சொல்லி, அதை ஒட்டி மனை விற்கிறார்கள். முன்பணம் கொடுக்கலாமா?
– திண்டிவனம் வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்ட பிறகு எத்தனை குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன என்பது ஊரறிந்தது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வரன்முறை விதிகள் வந்தன, ஆனால் அது 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். புதிதாகப் போடும் லேஅவுட் முறையான ஒப்புதலோடுதான் வர வேண்டும். "அப்ரூவலுக்குப் போட்டிருக்கிறோம்" என்பது ஒப்புதல் ஆகாது.

ஒப்புதல் எண், 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், வில்லங்கச் சான்று, பட்டா இவ்வளவும் பாருங்கள். அப்புறம் எப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் வாய்க்கால் ஏதாவது குறுக்கே போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த இடம் வரைபடத்தில் பூங்காவாக இருந்து, நேரில் போனால் கம்பி வேலியும் தென்னங்கன்றுமாக இருந்தால், விற்பவர் எப்படிப்பட்டவர் என்று அதிலேயே தெரிந்துவிடும். கல்லூரி வருமா வராதா என்பதை விற்பவர் சொல்லி நம்பாதீர்கள்.

கேள்வி: கணவர் கட்டிய வீட்டின் மாடியில் கல்லூரிப் பெண்களுக்குப் பி.ஜி. நடத்த ஆசை. லைசன்ஸ், ஜி.எஸ்.டி. என்று பயமுறுத்துகிறார்கள்.
– காட்பாடி வாசகி

பதில்: தாராளமாக நடத்துங்கள், முறையாக நடத்துங்கள். 2014-ல் வந்த பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் முறைப்படுத்தும் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும் தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்குவதாகவும் இருந்தால் 2024 ஜூலை முதல் விலக்கு இருக்கிறது. உங்கள் வாடகை அந்தப் பக்கமே போகாது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு அறைக்கு எத்தனை பெட் என்று முடிவு செய்யும்போது, கழிப்பறை வாசலில் காலை ஏழு மணிக்கு எத்தனை பெண்கள் பக்கெட்டோடு நிற்பார்கள் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். மாடிக்கு ஒரே படிக்கட்டுதான் என்றால் அதில் கேஸ் சிலிண்டரோ செருப்பு ஸ்டாண்டோ வைக்காதீர்கள். அடுத்தவர் வீட்டுப் பெண்களை நம்பி அனுப்புகிறார்கள், உங்களைப் போன்றவர்கள் வந்தால்தான் இந்தத் தொழில் நன்றாக இருக்கும்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் டேவிஸ் நகரத்தில் மேற்படிப்பு படிக்கிறான். செப்டம்பரில் குடிபோக வேண்டிய வீட்டுக்கு ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவ்வளவு நிலம் இருக்கிற நாட்டில் ஏன் வீடு கிடைக்கவில்லை?
– கோவை வாசகர்

பதில்: நல்ல கேள்வி, நமக்கும் பாடம் இருக்கிற கேள்வி. டேவிஸ் கலிபோர்னியாவில் சுமார் 67,000 பேர் வாழும் சின்ன ஊர், பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் சுமார் 40,000. சுற்றிலும் அருமையான வயல். அந்த வயலைக் காக்க வேண்டும் என்று ஊர் மக்கள் 2000-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். விளைநிலத்தை வீட்டு மனையாக மாற்ற வேண்டுமானால் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். 2010-லும் 2020-லும் அதைப் புதுப்பித்தார்கள். வயலைக் காப்பாற்றினார்கள், அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஊருக்குள்ளேயாவது அடுக்குமாடி போதுமான அளவு கட்டினார்களா என்றால் இல்லை. பல்கலைக்கழகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சேர்க்கையைக் கூட்டிக்கொண்டே போனது, மாநில நிறுவனம் என்பதால் நகரத்தின் கட்டட விதி அதைக் கட்டுப்படுத்தாது. கடைசியில் வாடகை வீடுகளில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்றுதான் காலி என்கிற நிலை வந்தது. ஒரு குடும்பம் இருக்க வேண்டிய வீட்டில் அறைக்கு அறை மாணவர்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் வுட்லேண்டிலிருந்தும் சாக்ரமெண்டோவிலிருந்தும் கார் ஓட்டி வருகிறார்கள்.

மாணவர் குடியிருப்பும் சேர்ந்த நிஷி என்ற ஒரு திட்டம் 2016 வாக்கெடுப்பில் தோற்றது, மாற்றி எழுதி 2018-ல் வைத்தபோது வென்றது. அதே 2018-ல்தான் நகரமும் மாவட்டமும் பல்கலைக்கழகத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. இனி கூடும் மாணவர் அத்தனை பேருக்கும் வளாகத்திலேயே இடம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகு வளாகத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் புதுக் குடியிருப்பு எழுந்திருக்கிறது. நம் ஊரிலும் ஒரு மாநகராட்சி ஆணையரும் ஒரு கல்லூரி நிர்வாகமும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நான் பார்க்க வேண்டும்.

மகனிடம் சைக்கிள் வாங்கச் சொல்லுங்கள். 1967-லேயே சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்ட ஊர் அது. அங்கே ஓடும் யூனிடிரான்ஸ் பஸ்ஸை ஓட்டுவதும் மாணவர்களே, லண்டனிலிருந்து வாங்கிய பழைய சிவப்பு மாடிப் பஸ்ஸும் அதில் உண்டு. பகுதிநேர வேலைக்குக் கூட விசாரிக்கலாம், விசா விதிகளைப் பார்த்துக்கொண்டு.

கேள்வி: நான் சிதம்பரத்தில் தங்கிப் படிக்கிறேன், சொந்த ஊர் தர்மபுரி. மேன்ஷன் பக்கம் தெருவிளக்கு இல்லை என்று போனால், "நீங்கள் இந்த ஊர் ஓட்டே இல்லையே தம்பி" என்கிறார்கள்.
– மாணவர்

பதில்: வாக்காளராகிவிடுங்கள் தம்பி. விடுதியிலோ மேன்ஷனிலோ தங்கிப் படிக்கும் மாணவர், சொந்த ஊரில் அல்லது தங்கியிருக்கும் ஊரில், ஏதாவது ஒரு இடத்தில் பெயர் சேர்க்கலாம் என்று தேர்தல் ஆணையமே அனுமதிக்கிறது. படிவம் 6-ஐப் பூர்த்தி செய்து, கல்லூரி முதல்வரிடமிருந்து நீங்கள் அங்கே படிப்பதற்கான சான்று வாங்கி இணைக்க வேண்டும். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது குற்றம், ஊரில் ஏற்கெனவே இருந்தால் இடமாற்றத்துக்குப் படிவம் 8.

1920-ல் மீனாட்சி கல்லூரி, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று நூறாண்டுக்கு மேலாக மாணவர்களோடு வாழ்ந்த ஊர் அது. அவர்கள் செலவழிக்கிற காசில் எத்தனையோ மெஸ்ஸும் கடையும் நடந்திருக்கின்றன. உங்களுக்குத் தெருவிளக்கு கேட்க எல்லா நியாயமும் உண்டு, ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ரயில் பாதைக்கு மேற்கே ஊர்ப் பக்கம் சிதம்பரம் நகராட்சி, பல்கலைக்கழகப் பக்கம் அண்ணாமலை நகர் பேரூராட்சி. உங்கள் மேன்ஷன் எதில் இருக்கிறது என்று வீட்டு வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கம்பத்தின் எண்ணையும் குறித்து, அந்த அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துச் சீல் போட்ட நகலை வாங்கி வையுங்கள்.