நடுப்புள்ளியைக் கவராயம் எப்படிக் காண்கிறது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு கோட்டுத்துண்டைக் கவராயத்தால் இருசமக் கூறிடும்படி வீட்டுப்பாடம் தந்திருக்கிறார்கள். அளவுகோலால் அளந்து பாதியைக் குறித்தால் போதாதா என்றும், ஆரம் ஏன் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்றும் அவள் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இவ்விரண்டையும் கேட்கத் தோன்றிய பிள்ளைக்கு வடிவியல் நன்றாக வரும். செய்முறையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்துக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

அவளை 7 செ.மீ. 3 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். அதன் பாதி 3.65 செ.மீ. ஆனால் அளவுகோலில் மில்லிமீட்டருக்குக் கீழே பிரிவு இல்லை. கடைசி அரை மில்லிமீட்டரைக் கண்மதிப்பாகத்தான் வைக்க முடியும். கவராயத்துக்கோ கோட்டின் நீளம் எத்தனை என்று தெரிய வேண்டியதே இல்லை. பென்சில் முனையின் தடிப்பு அங்கும் சிறு பிழையைத் தரலாம் என்றாலும், முறையில் பிழை கிடையாது.

கோட்டின் முனைகளை க, ச என்போம். ஒரே ஆரத்தில் இரு முனைகளிலிருந்தும் மேலும் கீழும் விற்கள் வரைய, அவை ப, ம என்னும் புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. இப்போது கப, பச, சம, மக என்ற நான்கு நீளங்களும் அந்த ஒரே ஆரம்தான் என்பதால், கண்ணுக்குத் தெரியாமல் அங்கே ஒரு சாய்சதுரம் அமைந்துவிடுகிறது. சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் இருசமக் கூறிடும். ஒரு மூலைவிட்டம் நாம் வரைந்த கோடு, மற்றொன்று ப, ம ஆகியவற்றை இணைக்கும் கோடு. நடுப்புள்ளியோடு மையக்குத்துக்கோடும் சேர்ந்தே கிடைப்பது இதனால்தான். அந்த நான்கு பக்கங்களையும் புள்ளிக்கோடுகளாக வரைந்து காட்டுங்கள். உங்கள் விளக்கமே தேவைப்படாமல் போகலாம்.

ஆரம் பாதிக்குக் குறைந்தால் விற்கள் சந்திக்கா. சரிபாதியாக இருந்தால் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்ளும். அதுவே நடுப்புள்ளி, ஆனால் அந்தப் பாதி முன்பே தெரிந்திருந்தால் இத்தனை வேலையும் எதற்கு? பாதியைவிடச் சற்றே கூடுதலாக எடுத்தால் விற்கள் மிகச் சாய்வாக வெட்டிக்கொள்வதால் சந்திப்பு எங்கே என்பது மங்கலாகும். ப, ம இரண்டும் நெருங்கியிருப்பதால் இணைக்கும் கோடும் எளிதில் சாய்ந்துவிடும். நீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கை ஆரமாகக் கொண்டால், அதாவது 10 செ.மீ. கோட்டுக்கு 7 செ.மீ. என எடுத்தால், விற்கள் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டும். புள்ளி தெளிவாக விழும். யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ முதல் நூலின் 10ஆம் முற்கோளில் கோட்டின் மேல் ஒரு சமபக்க முக்கோணம் அமைத்து, அதன் உச்சிக்கோணத்தை இருசமக் கூறிடுகிறார். அங்கே ஆரம் கோட்டின் முழு நீளமே என்பதால், ‘பாதிக்கு மேல்’ என்ற நிபந்தனை அவருக்குத் தேவைப்படவே இல்லை.

கேள்வி: கோடு தாளின் அடிவிளிம்பை ஒட்டி இருந்தால், கீழே வில் வரைய இடம் இராதே?
– மாணவர், மதுரை

பதில்: கீழே வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. இரு முனைகளிலிருந்தும் சம தொலைவில் உள்ள எந்தப் புள்ளியும் மையக்குத்துக்கோட்டின் மேல்தான் இருக்கும். அத்தகைய புள்ளிகள் இரண்டு கிடைத்தால் போதும். ஆகவே ஓர் ஆரத்தில் மேலே ஒரு சந்திப்பையும், வேறோர் ஆரத்தில் அதற்கும் மேலே இன்னொரு சந்திப்பையும் கண்டு, அவற்றை இணைத்துக் கோடு வரை நீட்டுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் உரிய இரு விற்களின் ஆரம் மட்டும் மாறக் கூடாது. கவராயத்தின் திருகு தளர்ந்து நழுவினால் கெடுவது இதுதான்.

தாளும் கவராயமும் இல்லாமலே இந்த உண்மையைக் கையாண்டிருக்கிறார்கள். வேள்விமேடைகளை அளந்து அமைக்கும் முறைகளைக் கூறும் பழைய வடமொழி நூலான காத்தியாயனரின் சுல்ப சூத்திரம், வேள்விக்களத்தில் கிழக்கு மேற்காக நட்ட இரு முளைகளுக்கு நடுவே வடக்கு–தெற்குக் கோட்டைக் காண ஒரு வழி சொல்கிறது: முளைகளின் இடைவெளியைப் போல இருமடங்கு நீளமுள்ள கயிற்றின் இரு நுனிகளையும் முளைகளில் மாட்டி, கயிற்றின் நடுவைப் பிடித்துத் தெற்கே இழுத்து ஒரு முளை, வடக்கே இழுத்து ஒரு முளை. கயிற்றின் இரு பாதிகளும் சமம் என்பதால், அதுவும் நம் சாய்சதுரமே.

கேள்வி: நேர்விளிம்பே இல்லாமல், கவராயத்தால் மட்டும் நடுப்புள்ளியைக் காண இயலுமா?
– வாசகர், திருச்சி

பதில்: இயலும். டென்மார்க்கைச் சேர்ந்த கியோர்க் மோர் 1672இலும், இத்தாலியரான லொரென்சோ மாஸ்கெரோனி 1797இலும், கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு காணக்கூடிய புள்ளிகள் அனைத்தையும் கவராயத்தால் மட்டுமே காணலாம் என்று காட்டினார்கள். மோரின் நூல் 1928 வரை மறக்கப்பட்டே கிடந்தது.

ச-வை மையமாகக் கொண்டு க வழியே வட்டம் வரையுங்கள். ஆரத்தை மாற்றாமல் க-விலிருந்து வட்டத்தின் மேல் மூன்று முறை அடியெடுத்து வைத்தால், நேர் எதிரேயுள்ள ட என்னும் புள்ளியை அடைவீர்கள். இனி க-வை மையமாக வைத்து அதே ஆரத்தில் ஒரு வட்டமும், ட-வை மையமாக வைத்து க வழியே ஒரு வட்டமும் வரைய, அவை இரு புள்ளிகளில் வெட்டும். அவ்விரு புள்ளிகளிலிருந்தும் முதல் ஆரத்திலேயே வட்டங்கள் வரைந்தால், அவை ஒருமுறை க-விலும், மறுமுறை க, ச இரண்டுக்கும் சரியாக நடுவிலும் சந்திக்கும்.