உயர்த்தின மிற்சுபிசி எல்200 பிக்கப் குலுக்குதெண்டால் ஷொக்கில பிழை தேடாதேங்கோ

அண்ணை, ரோர்ஷன் பாரை (முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காய் வேலை செய்யிற இரும்புக் கம்பி) முறுக்கி முன்பக்கத்தை 2 இஞ்சி உயர்த்தினபிறகு மருதங்கேணி ரோட்டில இடுப்பு கழருது, புது ஷொக் போட்டும் அதே கதை எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஷொக் பாவம்.

வாகனத்தைச் சமதரையில விட்டு, ஜக் அடிக்காமல், முன் சில்லுக்குப் பின்னால குனிஞ்சு பாருங்கோ. மேல் ஆமுக்கு (சில்லைப் பிடிச்சிருக்கிற மேல் கைக்கு) கீழ ஒரு ரப்பர் கட்டை இருக்கும். இரண்டுக்கும் நடுவில விரல் போகாட்டில் சில்லு கீழிறங்க இடமில்லை எண்டு அர்த்தம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆம் கட்டையில 'டொக்' எண்டு குத்தும். பார் இறுகிப்போச்செண்டு கராஜில சொல்லுவினம். ஆனால் பாரின்ர விறைப்பு மாறாது, நிக்கிற உயரம்தான் மாறினது. ஜக்கில ஏத்தி பாரை முறுக்கின இரண்டு பக்கப் போல்ட்டையும் ஒரே அளவு இளக்கி முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ. கொஞ்சம் ஓடிப்போட்டுத் திரும்ப அளக்கோணும். அலைன்மென்ட் கட்டாயம்.

ரயர் காத்தையும் பாருங்கோ. நான் ஒருக்கா 45 psi அடிச்சுப்போட்டு ஒரு கிழமை ஸ்பிரிங்கைத் திட்டித் திரிஞ்சனான்! கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவுதான் சரி. மணல்காட்டு மணலுக்கு 18 psi வரை இறக்கலாம், தார் ரோட்டில ஏற முதல் திரும்ப அடிச்சிடுங்கோ.