தியான வேளையில் தூங்கிவிடுகிறவருக்கு

கேள்வி: நான் வேலைக்குப் போகும் தாய், சிறு பிள்ளைகள் இருவர். ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கத் தீர்மானித்து, அதிகாலை நான்கரை மணிக்கு எழத் தொடங்கினேன். லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. எழுந்தாலும் தூங்கி வழிகிறேன். முழங்காலிட்டால் அலுவலக நினைவுகளே வருகின்றன. இரவில் ஜெபித்தால், கர்த்தருக்கு முதலிடம் கொடுக்கவில்லையே என்று மனம் குத்துகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் சோம்பலை நான் எங்கும் காணவில்லை. இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒரே சிறு பொழுதுக்குள் அடைக்க முயன்றதே சிக்கலுக்குக் காரணம் என்று எண்ணுகிறேன். வேதாகமத்தின் 66 ஆகமங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள் உள்ளன. அவற்றை ஓராண்டில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்களுக்கு மேல் வாசித்தாக வேண்டும். அந்த வாசிப்புக்கு வேகம் வேண்டும். தியானத்துக்கோ ஓரிடத்தில் நிற்கும் பொறுமை வேண்டும். முதலாம் சங்கீதம் ‘இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன்’ என்று சொல்லுமிடத்தில் உள்ள எபிரெயச் சொல், வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது. ஏசாயா புத்தகத்தில் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் புலம்பலுக்கும் அதே சொல்தான் வருகிறது. ஆகவே தியானம் என்பது கண்ணை மூடி மனத்தை வெறுமையாக்கும் முயற்சி என்று எண்ணிக்கொண்டு தூக்கத்தோடு போராட வேண்டியதில்லை. ஐந்தாறு வசனங்களை எடுத்து, மெல்லிய குரலில், எழுந்து நின்றோ நடந்தோ திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஈசாக்கு தியானம் பண்ண வெளியே போனதாகத்தான் ஆதியாகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது.

அவர் போனது சாயங்காலத்தில் என்பதையும் கவனியுங்கள். தாவீது அந்தி, சந்தி, மத்தியானம் என்று மூன்று வேளையையும் பாடுகிறார். தானியேலும் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததை மாற்கு எழுதுவது உண்மைதான், ஆனால் இரவு முழுவதும் ஜெபித்ததை லூக்கா எழுதுகிறார். இவற்றில் எந்த நேரமும் எல்லாருக்குமான கட்டளையாகச் சொல்லப்படவில்லை. படைப்பின் நாட்களையே ‘சாயங்காலமும் விடியற்காலமும்’ என்ற வரிசையில் எண்ணும் வேதத்தை வைத்துக்கொண்டு, இரவு வேளையைக் கர்த்தருக்குக் கொடுக்கும் மிச்சம் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். உங்களுக்கு விழிப்பு மிகுந்த பத்து நிமிடம் எதுவோ அதுவே உங்கள் வேளை. அதை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு செயலோடு சேர்த்துக்கட்டுவது நல்லது: பிள்ளைகள் உறங்கியவுடன், அல்லது வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் இருக்கையில் அமர்ந்தவுடன். தனியறை இல்லையே என்று தயங்காதீர்கள்; மத்தேயு 6:6இல் ‘அறைவீடு’ என்று தமிழில் வரும் கிரேக்கச் சொல் சாமான் வைக்கும் உள்ளறைக்கும் வழங்கியதுதான். கைபேசியில் வாசிப்பவராக இருந்தால், இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அச்சிட்ட வேதாகமத்துக்கு மாறுங்கள்.

அந்தப் பொழுதை எப்படி நிரப்புவது என்பதற்கு, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்னும் துறவி வகுத்த நான்கு படிகள் இன்றும் உதவுகின்றன: வாசித்தல், சிந்தித்தல், வேண்டுதல், பேச்சின்றி இறைவன் முன் இருத்தல். படிகள் என்றதும் கடிகாரத்தை வைத்துக் கூறுபோட வேண்டாம். ஒரு சொல் உள்ளத்தைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடலாம். மீதி வசனங்கள் நாளைக்கும் இருக்கும்.

அலுவலக நினைவுகள் வரத்தான் செய்யும். அவற்றை விரட்டுவதிலேயே பொழுது போய்விடுவதால், பக்கத்தில் ஒரு தாளை வைத்து, மறக்கக்கூடாத வேலையை ஒரு சொல்லில் குறித்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். ஆனால் ஒரே கவலை மூன்றாம் முறையும் வந்தால், அது இடையூறாக இல்லாமல் ஜெபக்குறிப்பாகவே இருக்கலாம். அதையே சொல்லி ஜெபியுங்கள்.

வாசிப்புத் திட்டத்தையும் கைவிட வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரங்களில் சரியாக முடிந்துவிடும், விடுபட்டதைப் பிடிக்க வாரத்துக்கு இரண்டு நாளும் மிஞ்சும். இதைப் பயணத்திலோ மதிய இடைவேளையிலோ தியான வேளைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: போதுமான அளவு தூங்குகிறீர்களா? சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிய எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அவர் உறங்கினார், அப்பமும் தண்ணீரும் இருமுறை கிடைத்தன, அதன் பிறகே ஓரேபுக்கு நடந்துபோய் மெல்லிய சத்தத்தைக் கேட்டார். களைப்பும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள். நடுவில் பிள்ளை எழுந்து வந்துவிட்டால் மடியில் அமர்த்திக்கொண்டு 117ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். அதில் இரண்டே வசனங்கள்தான்.