கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தது யார்?

கேள்வி: அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் நின்றுபோனது. கம்பெனி சர்வீஸ் சென்டரில், மெஷினையே மாற்றவேண்டும் என்று 2,650 ரூபாய் வாங்கினார்கள். ஆறு மாத வாரண்டி. மூன்றே வாரத்தில் மறுபடி நின்றுவிட்டது. கொண்டுபோனால், "தண்ணீர் இறங்கியிருக்கு, வாரண்டியில் வராது" என்று அலட்சியமாகப் பேசினார்கள். பஜாரில் ஒரு கடையில் காட்டினேன். திறந்து பார்த்தவர், "இது புது மெஷினே இல்லை" என்றார். அதை அப்படியே கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதினேன். பதில் இல்லை. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: அப்பாவின் நினைவு, கவுண்டரில் பேசிய விதம் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: சர்வீஸ் சென்டரை விட்டு வந்த பிறகு கடிகாரத்தை வேறு யாராவது திறந்தார்களா? திறந்திருக்கிறார்கள். போதாததற்கு நீங்களே அதை எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடுதான். மாவட்ட ஆணையத்தில் இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அதனால்தான் பலரும் துணிந்து போட்டுவிடுகிறார்கள். ஆனால் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு ஒரு வரி எழுதினால் போதும்: "மூன்றாம் நபர் திறந்திருக்கிறார். ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் ஈரம் இறங்கியிருக்கலாம், மெஷினையும் மாற்றியிருக்கலாம்." ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அந்தக் கட்டணத்தை முதலில் கட்டவேண்டியவர் நீங்கள். ஆய்வகம் இன்றைய நிலையைச் சொல்லும். அன்றைக்கு எந்த மெஷின் போட்டார்கள் என்பதை எங்கிருந்து சொல்லும்? பஜார் கடைக்காரர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார் என்றும் நம்பவேண்டாம். கடையில் வாய்கிழியப் பேசுபவர்கள் ஆணையம் என்றதும் பின்வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சரி, திறந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த மின்னஞ்சல் அவர்கள் கையில் இருக்கிறது.

உங்களுக்குப் பலம் ஜாப் ஷீட்தான், அதாவது சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த வேலைச் சீட்டு. அதில் "மெஷின் மாற்றம்" என்று இருக்கிறதா, வாட்டர் டெஸ்ட் செய்ததாகக் குறிப்பு உண்டா, பழைய மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று பாருங்கள். "தண்ணீர் இறங்கியிருக்கு" என்று அவர்கள் சொன்னது பஜாரில் திறப்பதற்கு முன்பு. அதை எழுத்தில் தந்திருந்தால் பத்திரமாக வையுங்கள். மூன்று வாரத்துக்கு முன் அவர்களே மூடிக்கொடுத்த கடிகாரத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்கலாம். அந்த எழுத்து இல்லையென்றால் வழக்கில் பெரிதாக எதுவும் இல்லை.

நான் சொல்வது: சமரசம். கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில் ஒரு லட்சம் என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்ததும் விஷயம் கிளை மேலாளர் கையைவிட்டுச் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். 2,650 திருப்பித் தரவேண்டும், இல்லையென்றால் வாரண்டியில் மெஷின் மாற்றவேண்டும் என்று மட்டும் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சல் போய்வந்துகொண்டிருப்பதால், வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் காலவரம்பு நீளாது.

இலவசமாகச் செய்து தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கடிகாரத்தைக் கொடுக்கும்போது நிலை என்ன என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது "திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்பார்கள். "ஓடவிட்டுப் பார்த்தபின், வாரண்டி உரிமைக்கு உட்பட்டு" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.