பிள்ளையின் போனுக்கு எந்தப் பூட்டு? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பிள்ளை கையில் போன் கொடுத்தாயிற்று, இனி அதை எப்படிப் பார்த்துக்கொள்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த நான்கை எடுத்திருக்கிறேன். ஊர், பெயர் வெளியே தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: நானும் வீட்டுக்காரியும் பெங்களூரில் கட்டட வேலை. பையனுக்கு 12 வயசு, பென்னாகரம் பக்கம் ஊரில் தாத்தா பாட்டியோடு இருந்து 7ஆம் வகுப்பு படிக்கிறான். எங்களோடு பேசட்டும் என்று வாங்கிக் கொடுத்த போனில் ராத்திரி ஒரு மணி வரை ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறானாம். பாட்டி சொன்னால் கேட்பதில்லை. இங்கிருந்தே கட்டுப்படுத்த ஆப் இருக்கிறதா? காசு கட்ட வேண்டுமா?

பதில்: இருக்கிறது அண்ணா, காசும் வேண்டாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் போதும். உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டுக்கொண்டு பையனின் போனைத் தினமும் எத்தனை மணி நேரம் பார்க்கலாம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டிக்கொள்ள வேண்டும், எந்த விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் பெங்களூரில் இருந்தே வைக்கலாம். அவன் புதிதாக ஒரு ஆப் இறக்கப் பார்த்தால் உங்களிடம் அனுமதி கேட்டு வரும். ராத்திரி 9 மணிக்குப் பூட்டினாலும் வருகிற அழைப்பை அவன் எடுக்கலாம், அதனால் பேச முடியாமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

ஆனால் நிறைய பேர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது, ஆப்பைவிட அதுதான் முக்கியம். அந்தப் போனில் இருக்கும் ஜிமெயில் யாருடையது என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் புதுப் போன் வாங்கும்போது கடையிலேயே அவசரத்துக்கு ஒரு ஜிமெயில் உண்டாக்கி, பிறந்த வருஷம் என்று வாய்க்கு வந்ததைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி 1990 என்று போட்டிருந்தால் கூகுளைப் பொறுத்தவரை உங்கள் பையன் பிள்ளை குட்டிக்காரர், பிள்ளைகளுக்கான எந்தக் கட்டுப்பாடும் அந்தக் கணக்கில் ஒட்டாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது உட்கார்ந்து, போட்டோக்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, போனை முழுதாக ரீசெட் செய்து, அவனுடைய உண்மையான பிறந்த தேதியோடு புதுக் கணக்கு தொடங்குங்கள். 13 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர்தான் கணக்கு தொடங்கித் தர வேண்டும், அதைத் தொடங்கும்போதே ஃபேமிலி லிங்க்கும் சேர்ந்துகொள்ளும்.

ரீசெட் செய்வதற்கு முன்னால் பையனிடம் சொல்லிவிடுங்கள். விளையாட்டு ஐடியைப் பழைய ஜிமெயிலோடு இணைத்திருந்தால் புதுக் கணக்கில் அது வராது. ஆறு மாதம் ஆடிச் சேர்த்த ஐடி ஒரு நிமிஷத்தில் போய்விட்டால் அவனுக்கு அது சின்ன விஷயம் கிடையாது. அந்தக் கோபத்தில் எந்தப் பூட்டையும் உடைக்கப் பார்ப்பான். ஆடவே கூடாது என்று சொல்லவில்லை, சாயந்திரம் ஒரு மணி நேரம் ஆடிக்கொள், ஒன்பதுக்குப் பூட்டிவிடும் என்று அவன் முன்னாலேயே வைத்துக் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். தாத்தா போனுக்கும் ஒரு லாக் போட்டு நம்பரைத் தாத்தா மட்டும் வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் பையன் போன் ஒன்பதுக்குப் பூட்டிய மறு நிமிஷம் தாத்தா போன் அவன் போர்வைக்குள் போய்விடும். அந்தப் போனில் ஜிபே இருந்தால் யூபிஐ பின் நம்பர் அவனுக்குத் தெரியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், விளையாட்டுக்குள் காசுக்கு விற்கும் டைமண்ட் வாங்கியே பென்ஷன் பணம் கரைந்த வீடுகள் எனக்குத் தெரியும். அப்புறம், அவன் எங்கே இருக்கிறான் என்று ஃபேமிலி லிங்க் மேப்பில் காட்டும், ஆனால் போன் ஆனில் இருந்து நெட்டும் கிடைத்தால்தான். சிக்னல் இல்லாத மலையோரத்தில் கடைசியாகப் பிடித்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பதறிப் பாட்டியைத் திட்டாதீர்கள்.

பாட்டியைப் போலீஸ்காரராக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பூட்டுவது அப்பா, அம்மா. சோறு போடுவதும் கதை சொல்வதும் பாட்டி. அப்படி இருந்தால்தான் அவன் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யாரிடமாவது வந்து சொல்வான்.

கேள்வி: பாலக்கோடு பக்கம். மகள் 11ஆம் வகுப்பு. இப்போதெல்லாம் போனைக் கவிழ்த்தே வைக்கிறாள். அவளுக்கு வரும் வாட்ஸ்அப் எல்லாம் நம் போனுக்கும் வருவது மாதிரி ஒரு ஆப் இருக்கிறதாம், அவளுக்குத் தெரியவே தெரியாதாம். என் கொழுந்தனாருக்குத் தெரிந்த செல்போன் கடைப் பையன் போட்டுத் தருகிறேன் என்கிறான். எது நல்ல ஆப் என்று சொன்னால் அதையே போடச் சொல்வேன்.

பதில்: அக்கா, இதில் நல்ல ஆப் என்று ஒன்று கிடையாது. உங்கள் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் பெண் பிள்ளையைப் பெற்றவர்களின் பயம் எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் சொல்கிறேன், அதைப் போடாதீர்கள்.

முதலில் அந்த ஆப் எப்படி உள்ளே வருகிறது என்று கேளுங்கள். ஒளிந்துகொண்டு உளவு பார்க்கும் ஆப்களை ப்ளே ஸ்டோரில் விட மாட்டோம் என்று கூகுள் 2020லேயே விதி கொண்டுவந்துவிட்டது. பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஆப் இருக்கலாம், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்தப் போனிலேயே எப்போதும் தெரிய வேண்டும். அதனால் இந்தத் திருட்டு ஆப்களை வெளியே எங்கிருந்தோ ஏபிகே கோப்பாக இறக்கி, போனுக்குக் காவலாக இருக்கும் ப்ளே ப்ரொடெக்ட்டை அணைத்துவிட்டு, அக்சஸிபிலிட்டி என்ற அனுமதியையும் கொடுத்துத்தான் போடுவார்கள். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஆப்களுக்காக ஏற்பட்ட அனுமதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவது, விரலால் தட்டுவது என்று பெரும்பாலும் எல்லாவற்றையும் அந்த ஆப் படிக்கலாம். வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திருடனைப் பார்க்க ஜன்னலில் உட்கார்ந்திருப்பது போல.

அப்படிப் படித்ததெல்லாம் நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்துதான் நீங்கள் பார்க்கிறீர்கள். உங்கள் மகளின் போட்டோ, தோழியோடு பேசியது, அவள் எந்த நேரத்தில் எங்கே நடக்கிறாள் என்பது, எல்லாம் அங்கே கிடக்கும். அந்தக் கம்பெனிகள் அதைக் காப்பாற்றுகிற லட்சணமும் ஊருக்குத் தெரிந்ததுதான். போலந்து நாட்டின் லெட்மீஸ்பை என்ற ஆப்பை 2023இல் யாரோ உடைத்து உள்ளே புகுந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள், அந்தக் கம்பெனியும் அதோடு மூடிவிட்டது. ஸ்பைஃபோன் என்ற இன்னொன்றை அமெரிக்காவின் வணிக ஆணையம் 2021இல் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று தடுத்து, ரகசியமாகச் சேர்த்த தகவலை அழிக்கச் சொன்னது.

போலந்தையும் அமெரிக்காவையும் விடுங்கள். ஆப்பைப் போட்டுத் தருகிறேன் என்கிற அந்தக் கடைப் பையனை யோசியுங்கள். கணக்கைத் தொடங்குவது அவன், பாஸ்வேர்டை முதலில் தட்டுவது அவன். உங்கள் 16 வயசு மகளின் போட்டோக்களையும் அவள் போகிற வழியையும் பார்க்கிற சாவி அவனிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. அவன் நல்ல பையனாகவே இருக்கட்டும், அந்தச் சாவியை எந்தத் தாயும் வெளி ஆள் கையில் கொடுக்கக்கூடாது.

ஒருவேளை ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் மகளின் போனில் செட்டிங்ஸ் போய் அக்சஸிபிலிட்டி பட்டியலில் தெரியாத பெயர் ஏதாவது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், ப்ளே ப்ரொடெக்ட்டை மறுபடி ஆன் செய்து ஸ்கேன் விடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் ரீசெட்.

சரி, கேட்கக் கஷ்டமான ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஆப்பில் ஒரு பையனின் பெயரைப் பார்த்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அடுத்து என்ன செய்வீர்கள்? நம் பக்கத்தில் பல வீடுகளில் இதற்கு என்ன பதில் என்று இருவருக்கும் தெரியும். போனைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள், மாமன் வீட்டில் பேசி முடிப்பார்கள். 18 வயசுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால், நடத்தி வைத்த பெற்றோருக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு லட்சம் வரை அபராதம், அப்பாவுக்கு இரண்டு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. அதைச் சொல்லி உங்களை மிரட்ட வரவில்லை அக்கா. அவள் இன்னும் ஒன்றரை வருஷத்தில் பன்னிரண்டாவது முடிப்பாள். ஒரு வாட்ஸ்அப் செய்தியால் அது நிற்கக் கூடாது, அதுதான் என் கவலை. அப்பாவும் சித்தப்பாவும் பார்க்கக் கூடிய இடத்தில் அவள் பேச்சையெல்லாம் கொட்டி வைத்துவிட்டு, பிறகு நீங்களே நினைத்தாலும் அவளைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

அதற்குப் பதில் நேராகப் பேசுங்கள். சமையல் செய்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமலேகூட: "கண்ணு, நீ போனைக் கவிழ்த்து வைக்கிறதைப் பார்த்தேன். யாரோடு பேசுறேன்னு கேட்கலை. யாராவது உன்னைப் பயமுறுத்தினாலோ, போட்டோ கேட்டாலோ, பணம் கேட்டாலோ என்கிட்ட வா. போனைப் பிடுங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." கடைசி இரண்டு வாக்கியத்தையும் சொன்னால் காப்பாற்ற வேண்டும், காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் சொல்லாதீர்கள்.

கட்டுப்பாடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ராத்திரி பத்துக்கு வீட்டில் எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். ஃபேமிலி லிங்க் வேண்டுமென்றால் 13 தாண்டிய பிள்ளையின் கணக்கில் அதைப் புதிதாகச் சேர்க்க அவள் போனிலேயே அவளும் ஒப்புக்கொள்ள வேண்டும், அது நல்லதுதான், பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். அதில் அவளுடைய செய்திகளைப் படிக்க முடியாது, நேரமும் ஆப்களும் இடமும்தான் தெரியும். 16 வயசுக்கு அது தாராளம்.

கேள்வி: காவேரிப்பட்டணம். மகனுக்கு 4 வயசு. போன் இல்லாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டான். யூடியூபில் ஏதேதோ வந்துவிடுகிறது.

பதில்: யூடியூப் வேண்டாம், யூடியூப் கிட்ஸ் தனியாக இருக்கிறது. அதில் தேடும் வசதியை அணைத்துவிட்டு, "நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்ற முறையை வைத்தால் நீங்கள் டிக் செய்த வீடியோவும் சேனலும் மட்டும்தான் வரும். உட்கார்ந்து அரை மணி நேரம் செலவழித்துத் தேர்ந்தெடுங்கள், அந்த உழைப்பு வீண் போகாது. டைமரும் அதிலேயே இருக்கிறது. 2 முதல் 4 வயசுப் பிள்ளைக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு. சாப்பாட்டு நேரத்தை அந்த ஒரு மணி நேரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு நாள் அழுவான், ஐந்தாம் நாள் பசி வரும்.

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம், 11ஆம் வகுப்பு படிக்கிறேன். என் முகத்தை வேறு போட்டோவில் ஒட்டி ஒருத்தன் அனுப்பி, பணம் தராவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன் என்கிறான். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிப் படிப்பை நிறுத்திவிடுவார்கள். என்ன செய்வது?

பதில்: உனக்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன் தங்கச்சி, உன் மாதிரி இன்னொரு பிள்ளை இதைப் படிக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

தப்பு உன்மேல் துளியும் இல்லை. பணம் கொடுக்காதே, கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பான். அவன் அனுப்பியதை அழிக்காதே, அவன் ஐடியும் நம்பரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் பிளாக் செய். 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்றத்துக்கு, இரண்டுக்கும் நீயே போன் செய்யலாம். உன் மாவட்டத்திலேயே சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

படம் உண்மையோ ஒட்டியதோ, 18 வயசு ஆகாத பிள்ளையை அந்த மாதிரி ஆபாசப் படம் காட்டி மிரட்டுவது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் குற்றம், ஒட்டியது என்பதால் அவன் தப்ப முடியாது. உன் பெயரையோ பள்ளிக்கூடத்தையோ பத்திரிகை வெளியிடக்கூடாது. வாக்குமூலத்தை உன் வீட்டிலோ நீ சொல்லும் இடத்திலோ, கூடுமானவரை ஒரு பெண் எஸ்.ஐ., யூனிஃபார்ம் போடாமல் வந்து வாங்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருக்குமோ என்று நீ எழுதியிருந்தாய், அதனால் இதைச் சொல்கிறேன்.

படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவச சேவை இருக்கிறது, அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. படத்தை நீ யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, உன் போனிலேயே அதற்கு ஒரு அடையாள எண் உருவாகி அந்த எண் மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்றவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடும். பெயர் கேட்காது.

வீட்டில் ஒரே ஒருவரிடம் சொல் என்று எழுதியிருந்தேன், அம்மா முடியாவிட்டால் அத்தை, அதுவும் முடியாவிட்டால் வகுப்பு டீச்சர். அத்தையிடம் சொல்லிவிட்டதாகவும், அத்தையே 1098க்குப் போட்டுப் பேசியதாகவும், போன் இன்னும் தன்னிடமே இருப்பதாகவும் போன வாரம் மறுபடி எழுதியிருந்தாள்.