நான் ஒரு பையன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சான் பிரான்சிஸ்கோ மாநகர மன்றத்துக்குத் தேர்வான தன்பாலீர்ப்பாளர் ஹார்வி மில்க் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது: “மில்க் நடந்த பாதை, மதுக்கூடங்களில் பெண் வேஷம் கட்டியவர்கள் போட்டுக் கொடுத்தது.” கொஞ்சம் மிகை இல்லையா? சங்கம் வைத்தவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள், வழக்குப் போட்டவர்கள், கோட்டு சூட்டு அணிந்து பதாகை பிடித்தவர்கள், இவர்கள்தானே உரிமை வாங்கித் தந்தது? பாரில் பாட்டுப் பாடி ஆளைச் சிரிக்க வைப்பது பிழைப்பு. அதை எப்படிப் போராட்டம் என்பது? சொல்லப்போனால் அந்த வேஷம்தான் தன்பாலீர்ப்பாளர்களை ஊர் வாயில் கேலிப்பொருளாக்கியது. கொஞ்சம் அடக்கமாக இருந்திருந்தால் காரியம் சீக்கிரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டிராக் குயின் என்றால் திருநங்கைதானே என்றும் ஒரு குழப்பம். தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

க.

அன்புள்ள க.,

தவறாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கேள்வியை அந்த இயக்கத்துக்குள் இருந்தவர்களே அறுபது வருடங்களுக்கு முன் கேட்டுவிட்டார்கள், உங்களை விடக் காட்டமாக.

கடைசிக் குழப்பத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டிராக் என்பது வேஷம். நம் நாடக மேடையில் ஸ்திரீபார்ட் போட்டவர் ஒப்பனையைக் கலைத்ததும் வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார் இல்லையா, அது மாதிரி. திருநங்கைக்கு அது வேஷம் இல்லை, அவரே அதுதான். இன்றைக்கு இப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடிகிறது. 1960களின் அமெரிக்கத் தெருவில் முடியாது. இருவரையும் ஒரே சொல்லால்தான் கூப்பிட்டார்கள், ஒரே சட்டத்தில்தான் பிடித்தார்கள். அதனால் அந்தக் காலத்தில் ‘குயின்’ என்று குறிப்பிடப்பட்ட ஒருவர் இன்று இருந்தால் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வார் என்று நாம் அடித்துச் சொல்லக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்தது ஒரே ஆள்தான். பெயர் ஹோசே சாரியா. அதே சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். திரும்பி வந்து ஆசிரியர் ஆக வேண்டும் என்று படித்தார். அப்போது ஒரு ஹோட்டல் கழிப்பறையில் போலீஸ் அவரைப் பிடித்தது. அந்த ஒரு வழக்கோடு ஆசிரியர் வேலை என்ற கனவு போனது. மாண்ட்கோமரி தெருவில் ‘பிளாக் கேட்’ என்று ஒரு பார். அங்கே பரிமாறுபவராக வேலை. மேஜைக்கு மேஜை கோப்பை கொண்டுபோகும்போதே பியானோவுக்கு ஏற்ப ஒன்றிரண்டு பாட்டு பாடுவார். கூட்டம் ரசித்தது. பரிமாறுபவர் பாடகரானார். அப்புறம் குதிகால் செருப்பு, கவுன், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் முழுநீள ஓபரா என்று வளர்ந்தது.

ஓபரா என்றால் அசல் இல்லை, பகடி. உதாரணத்துக்கு கார்மென். இவர் மேடையில் கார்மென், நகர நடுவில் இருக்கும் யூனியன் சதுக்கத்தின் புதர்களுக்குள் மஃப்டி போலீஸுக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து ஓடுவார். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் நிஜத்தில் அப்படி ஓடியவர்கள். அவர்களுடைய பயத்தையே எடுத்து, கவுன் மாட்டி, அவர்கள் முன்னாலேயே சிரிப்பாக்கிக் காட்டினார். இதைப் பிழைப்பு என்றீர்கள். பிழைப்புத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழைப்பின் கடைசிப் பத்து நிமிடம் எப்படிப் போகும் என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் நிற்போம், பிரிந்து போனால் ஒவ்வொருவராகப் பிடிப்பார்கள் என்று சொல்வார். எல்லோரையும் எழுந்து கைகோக்கச் சொல்வார். பிறகு பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில், ராணியைக் காக்கச் சொல்லும் இடத்தில் “எங்களைப் போன்ற நெல்லி ராணிகளைக் காப்பாற்று” என்று பாடுவார்கள். ‘நெல்லி’ என்பது நளினமான ஆண்களைக் குத்திக் காட்டும் சொல். சில ராத்திரிகளில் பாட்டு பாரோடு நிற்காது. கூட்டத்தைத் தெருவுக்கு அழைத்து வந்து, அன்று பிடிபட்டு உள்ளே கிடக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று எதிரே இருந்த சிறையைப் பார்த்துப் பாட வைப்பார்.

அங்கே கைகோத்து நின்றவர்களுக்கு வேறு எந்த மண்டபமும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்ல முடியாது, தேவாலயத்தில் கூட முடியாது. இருந்தது பார் ஒன்றுதான். பாரில் ஒலிபெருக்கி யார் கையில் இருந்ததோ அவர்தான் தலைவர்.

தலைவர் வெறும் பாட்டோடும் நிற்கவில்லை. அந்த நாட்களில் பிடிபட்டவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். பெயரும் விலாசமும் பேப்பரில் வந்தால் வேலை போய்விடும். போலீஸுக்கு இது ரொம்ப வசதி. ஆதாரம் என்று எதையும் காட்டவே தேவையில்லை. சாரியா மேடையில் நின்று சொன்னது: ஒப்புக்கொள்ளாதே, குற்றம் செய்யவில்லை என்று சொல், ஜூரி விசாரணை கேள். ஒருவர் கேட்டார், பத்துப் பேர் கேட்டார்கள், நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்தன. கடைசியில் நீதிபதிகளே, ஆதாரம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வக்கீல் சங்கம் செய்ய வேண்டிய வேலை இது. செய்தது காதில் தொங்கட்டான் போட்ட ஒருவர்.

அப்புறம் அந்தச் சீட்டு. 1863இலேயே அந்த நகரத்தில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள், எதிர்ப்பாலின உடையில் வெளியே வருவது குற்றம் என்று. ஹாலோவீன் இரவு மட்டும் போலீஸ் கண்டுகொள்ளாது, ஆனால் நள்ளிரவு மணி அடித்ததும் வாசலில் நின்று பிடிக்கும். ஏமாற்றும் நோக்கத்தோடு வேஷம் போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சாரியா கறுப்புப் பூனையின் தலை வடிவத்தில் சீட்டுகள் வெட்டி, எல்லோர் உடையிலும் குத்திக்கொள்ளச் சொன்னார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘நான் ஒரு பையன்.’ போலீஸ் நிறுத்தினால் சீட்டைக் காட்ட வேண்டியது. எழுதியே மாட்டிக்கொண்டு திரிகிறவன் யாரை ஏமாற்றுகிறான்? (அந்தச் சட்டம் புத்தகத்தை விட்டுப் போக 1974 ஆயிற்று.)

நீங்கள் சொன்ன சங்கங்களைப் பார்ப்போம். தன்பாலீர்ப்பு ஆண்களின் மாட்டஷீன் சொசைட்டி, லெஸ்பியன் பெண்களின் டாட்டர்ஸ் ஆஃப் பிலைட்டிஸ் இரண்டும் அதே ஊரில் இயங்கின. இரண்டும் பெரிய காரியங்கள் செய்தவை, அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மரியாதைக்குரியவர்களுக்கு இழக்க ஒரு மரியாதை இருந்தது. பெண்கள் சங்கத்தின் பத்திரிகையை 1956இல் ஆரம்பித்தபோது ஆசிரியர் ஃபிலிஸ் லயன் தன் பெயரைப் போடவில்லை, ஆன் ஃபெர்குசன் என்று போட்டார். சில இதழ்கள் கழித்து வெட்கப்பட்டு, ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டார் என்று அவரே அறிவித்துவிட்டுச் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கினார். அருமையான பெண்மணி. ஆனால் அந்தச் ‘சாவு’ தேவைப்பட்டது பாருங்கள். சாரியாவுக்கு அப்படிச் சாகடிக்கப் புனைபெயர் எதுவும் இல்லை. ஆசிரியர் வேலை ஏற்கெனவே போய்விட்டது, நகரம் முழுக்க முகம் தெரியும். வாக்குச்சீட்டில் பெயர் வரவேண்டும் என்றால் மறைக்க ஒன்றும் இல்லாதவர்தான் நிற்க முடியும்.

1961இல் நின்றார். நகர மேற்பார்வையாளர் அவைக்கு, அதாவது மாநகர மன்றத்துக்கு. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகத் தெரிந்த ஒருவர் அமெரிக்காவில் தேர்தலில் நின்றது அதுவே முதல் முறை. மனுவில் கையெழுத்துப் போடவே நண்பர்கள் தயங்கினார்கள். சாரியா பிற்பாடு சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை ஒன்று உண்டு: மனுத் தாக்கலின் கடைசி நாளில் அதிகாரிகள் எண்ணிப் பார்த்தார்களாம். ஐந்து இடம், ஐந்து பேர்கூடச் சரியாக மனுப் போடவில்லை. இப்படியே விட்டால் இந்த ஆள் போட்டியில்லாமல் ஜெயித்துவிடுவார் என்று அலறியடித்து ஆள் பிடித்தார்களாம். மாலைக்குள் 34 மனு. முடிவில் இவருக்கு 5,600 வாக்குகளுக்கு மேல், ஒன்பதாவது இடம். தோல்விதான். ஆனால் அந்த நகரத்தில் இப்படி ஒரு ஓட்டு வங்கி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அரசியல்வாதிகளுக்கு எண்ணாகத் தெரிந்தது. அதே அவைக்கு மில்க் ஜெயித்தது 1977இல்.

‘அடக்கமாக இருந்திருந்தால்’ என்றீர்கள். அடக்கமாக இருந்து பார்த்தவர்களும் உண்டு. 1965 முதல் 1969 வரை ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திர மண்டபத்துக்கு எதிரே மறியல் நடந்தது. ஆண்கள் கோட்டு டை, பெண்கள் கவுன் என்று கண்டிப்பான உடை விதி. அதிலும் தைரியம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் அதே 1965இன் புத்தாண்டு இரவில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். தன்பாலீர்ப்பாளர்களோடு பேச முன்வந்த சில பாதிரியார்கள் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கியிருந்தார்கள், அதற்கு நிதி திரட்ட கலிபோர்னியா ஹாலில் மாறுவேஷ நடன விருந்து. போலீஸ் வாசலில் விளக்குப் போட்டு, உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராகப் படம் பிடித்தது. தடுத்துப் பேசிய வக்கீல்களையும், டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் கைது செய்தது. மறுநாள் பாதிரியார்கள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கொதித்தார்கள். வழக்கு வந்தபோது, குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லும்படி நீதிபதியே ஜூரிக்குச் சொல்லிவிட்டார். வேஷம் போட்டவர்கள் வருடக்கணக்காகப் பட்டதை, வெள்ளைக் காலர் வைத்த பாதிரியார்கள் ஒரே ராத்திரியில் கண்ணால் பார்த்தார்கள். பார்த்த பிறகு நகரம் கேட்டது. எனக்கு இதில் கொஞ்சம் கசப்பும் உண்டு, பாதிரியார் சொன்னால்தான் நம்புவார்களா என்று. இருந்தாலும் அந்த வாசலுக்கு அவர்களை வரவழைத்தது மாறுவேஷ விருந்துதான்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் டெண்டர்லாயின் பகுதியில், காம்ப்டன்ஸ் என்ற இரவுச் சிற்றுண்டிக் கடையில் ஒரு ‘குயின்’ தன்னைப் பிடித்திழுத்த போலீஸ்காரரின் முகத்தில் காப்பியை வீசினார். சர்க்கரைக் குடுவைகள் பறந்தன, கண்ணாடிகள் உடைந்தன. தன்பாலீர்ப்பாளர்கள் போலீஸை எதிர்த்து நின்றதற்குப் பேர்போன, நியூயார்க்கின் ஸ்டோன்வால் பார் கலவரத்துக்கு மூன்று வருடம் முந்தியது இது. தேதி என்னவென்றுகூடப் பதிவாகவில்லை.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1973இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர் பேரணி மேடையில், ஆண்கள் பெண் வேஷம் போட்டுக் காசு பண்ணுவது பெண்களைக் கேலி செய்வது என்று லெஸ்பியன் பெண்ணியர்கள் சிலர் பேசினார்கள். சில வேஷங்களைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் அதே மேடையில், சிறையில் கிடக்கும் உங்கள் சகோதரர்களை மறந்துவிட்டீர்களே என்று கத்திய சில்வியா ரிவேராவைக் கூட்டம் ஊளையிட்டது. ஸ்டோன்வால் காலத்துத் தெருக்காரர் அவர். முன்வரிசையில் அடி வாங்கியவர்களை, வெற்றி வரும்போல் தெரிந்ததும் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். உங்கள் ‘அடக்கம்’ எனக்கு அந்த ஊளையைத்தான் ஞாபகப்படுத்தியது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிளாக் கேட் என்ன ஆயிற்று? தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பாரின் உரிமத்தைப் பறிக்க முடியாது என்று 1951இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த பாரின் வழக்கில்தான். அதன் பிறகும் அரசு விடவில்லை. 1963இல் ஹாலோவீனுக்கு முந்தைய நாள் உரிமம் போனது. விருந்தை நிறுத்தவில்லை, சாராயம் இல்லாமல் சோடாவும் ஜூஸும் ஊற்றிக் கொண்டாடிவிட்டு, சில மாதங்களில் கடையைப் பூட்டினார்கள்.

சாரியா அதற்குப் பிறகு தன்னைப் பேரரசி என்று அறிவித்துக்கொண்டு, 1965இல் ‘இம்பீரியல் கோர்ட்’ என்ற அமைப்பை ஆரம்பித்தார். கிரீடம், பட்டாபிஷேகம் எல்லாம் உண்டு. உள்ளே நடப்பது நிதி திரட்டல். பட்டப்பெயர் ‘நார்ட்டனின் விதவை’. அந்த நார்ட்டன் யார் தெரியுமா? அரிசி வியாபாரத்தில் நொடித்துப்போய், 1859இல் தன்னை அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்ட ஒரு சான் பிரான்சிஸ்கோ மனிதர். ஊரும் அவரைச் சக்கரவர்த்தியாகவே நடத்தியது. வேட்பாளராக நின்று தோற்றவர், அந்த நகரம் ஏற்கெனவே மனதார ஏற்றுக்கொண்ட ஒரு வேஷத்தோடு சம்பந்தம் வைத்துக்கொண்டார். 2013இல், 90 வயதில் இறந்தபோது கோல்மாவில் நார்ட்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நீங்கள் காட்டிய வரியை மறுபடி படித்துப் பார்த்தேன். மிகை இல்லை, ஆனால் ஒரு பிழை இருக்கிறது. ‘பெண் வேஷம் கட்டியவர்கள்’ என்று மொத்தமாகப் போட்டதில் அந்த ஆளின் பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரை வாக்குச்சீட்டில் போட்டவரை நான் பெயரில்லாமல் எழுதியிருக்கிறேன். ‘ஹோசே சாரியா போட்டுக் கொடுத்தது’ என்று இன்று திருத்திவிட்டேன்.

அன்புடன்