பாலத்தடி ஜாஸ்

அன்புள்ள அண்ணா,

படிப்புக்காக லண்டன் வந்திருக்கிறேன். போன வாரம் டெப்ட்ஃபோர்டில் ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் ஒரு பாரில் ஜாஸ் கேட்டேன். நாற்காலியே கிடையாது, எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறேன். "வித்தியாசமான இடத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிறார்கள், நிஜ ஜாஸ் வேண்டுமென்றால் ரானி ஸ்காட்ஸுக்குப் போ" என்கிறான் அறை நண்பன். இதை ஜாஸ் என்று சொல்லலாமா? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

அன்புள்ள தம்பி,

ஜாஸா இல்லையா என்ற கேள்வியை விடுங்கள். 1930களில் நியூயார்க்கின் சவாய் அரங்கில் ஜனங்கள் ஜாஸுக்கு விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். ரானி ஸ்காட்ஸும் நல்ல கிளப்தான். அதுவே 1959ல் சோஹோவில் ஒரு நிலவறையில்தான் தொடங்கியது என்று நண்பனிடம் சொல்லுங்கள்.

ஆனால் இந்த "வித்தியாசமான இடம்" என்ற பேச்சு கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. இசைக்கலைஞர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாமல்தான் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறார்கள். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் 1959ல் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு போனதற்குக் காரணம், அவர் குடியிருந்த கட்டிடத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். அவர் தூக்கத்தைக் கெடுக்க ரோலின்ஸுக்கு மனம் வரவில்லை. 1970களில் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான சாம் ரிவர்ஸும் அவர் மனைவி பீட்ரிஸும் மன்ஹாட்டனின் பாண்ட் தெருவில் தாங்கள் இருந்த இடத்தையே கச்சேரிக் கூடமாக்கினார்கள். அவர்கள் மாதிரியான புதிய இசைக்கு கிளப்புகள் சுலபத்தில் மேடை தரவில்லை. தொழிற்கூடங்கள் காலி செய்துவிட்டுப் போன மாடிகளோ மலிவாகக் கிடைத்தன. வாடகை ஏறியதும் இப்படிப்பட்ட மாடிக் கூடங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள்.

லண்டனிலும் இதே கதைதான். ஹாக்னியில் டோட்டல் ரெஃப்ரெஷ்மெண்ட் சென்டர் என்று ஓர் இடம். முதலில் மிட்டாய்த் தொழிற்சாலை, அப்புறம் கரீபிய மக்கள் கூடும் கிளப், அப்புறம் சாக்ஸபோன் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸ் தலைமுறை ஜாஸ்காரர்களின் வீடு. உலகப் பத்திரிகைகள் லண்டன் ஜாஸைத் தூக்கிக் கொண்டாடிய 2018ல்தான் உரிமச் சிக்கலில் அங்கே கச்சேரிகள் நின்றன. கொண்டாடியவர்களில் எத்தனை பேர் வாடகையையும் உரிமத்தையும் பற்றி ஒரு வரி எழுதினார்கள்?

அந்த வீடியோவுக்காக உங்களைத் திட்டத்தான் வேண்டும். முன்வரிசையில் இடம் கிடைத்தும் திரையைப் பார்த்துக்கொண்டா நின்றீர்கள்? லண்டன் கிளாப்டனில் ஒரு பழைய தேவாலயத்தில் 'சர்ச் ஆஃப் சவுண்ட்' கச்சேரிகள் நடக்கும். நடுவில் வாசிப்பவர்கள், சுற்றிலும் கேட்பவர்கள். ஒருநாள் டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழல் வாசிப்பவருக்கு ஓரடி தள்ளி நின்றேன். இரண்டு உருப்படிகளுக்கு நடுவே அவர் வாத்தியத்தைச் சாய்த்து, குழாயில் சேர்ந்திருந்த தண்ணீரைத் தரையில் வடித்தார். என் ஷூ நனைந்தது. அடுத்து அவர் ஊதிய முதல் சுரம் காதுக்கு முன்னால் வயிற்றில் வந்து முட்டியது. அவ்வளவு பக்கத்தில் ஆள் இருந்தால் வாசிப்பவரும் வேறு மாதிரிதான் வாசிப்பார். கேட்பவர் மூச்சு இழுப்பது அவருக்குத் தெரிகிறது. இது உங்கள் போனில் ஏறாது, தம்பி.

ஆல்பமா? 2023ல், பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசை வாங்கிய முதல் ஜாஸ் குழு எஸ்ரா கலெக்டிவ். அவர்களுடைய எதையாவது கேளுங்கள், போதும்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பார் வாசலில் என்றைக்காவது வெளிர்நீலக் காகிதத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். உரிமம் கேட்டோ மாற்றக் கேட்டோ போட்ட விண்ணப்பமாக இருக்கும். 28 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் உரிமம் தரும் உள்ளாட்சி கவுன்சிலுக்குக் கருத்து எழுதலாம், ஆதரித்தும் எழுதலாம். சத்தம் என்று புகார் சொல்கிறவர்கள் தவறாமல் எழுதுவார்கள். எனக்கு இவ்வளவு அழகாகக் கடிதம் எழுதத் தெரிந்த நீங்கள் கவுன்சிலுக்கும் ஒன்று எழுதுங்கள். நண்பனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.